கார் இல்லாத கார் ஷெட்டிலிருந்து: வாசகர் கேள்விகள்

புது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது. பையன் ஒரு நாள் வாங்குவான் என்று கட்டியது. வாங்கினான், பெங்களூரில் நிறுத்தியிருக்கிறான். இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பெஞ்சும் வைஸும் போட்டு, சுவரில் ஸ்பேனர்களை மாட்டினேன். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் 31 வருஷம் ஃபிட்டராகவும் சர்வீஸ் ஆளாகவும் இருந்தவன். ரிட்டையரான பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தெருவில் எது ஓடவில்லை என்றாலும் இங்கேதான் வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, வீடியோ பார்த்து என் பைக்குக்கு நானே இன்ஜின் ஆயில் மாற்றினேன். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை முறுக்கும்போது நன்றாக இறுகி வந்தது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன், சட்டென்று லூஸாகிவிட்டது. இப்போது சும்மா சுற்றுகிறது. டெஃப்ளான் டேப் சுற்றிப் போட்டிருக்கிறேன். ராத்திரிக்கு நாலு சொட்டு ஒழுகுகிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
*கல்லூரி மாணவர், பெருந்துறை*

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் மாமனார் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறாவது மாதம். "மாப்பிள்ளை கம்பெனியில ஃபிட்டரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவருடைய மொபெட்டுக்கு கியர் ஆயில் மாற்றிக் கொடுக்கிறேன் என்று நானாகப் போய் உட்கார்ந்தேன். கம்பெனியில் நாள் முழுக்க வார்ப்பிரும்பு பம்பில் போல்ட் முறுக்கிய கை. அந்தக் கையோடு அலுமினியத்தில் முறுக்கினேன். உங்களுக்கு வந்த அதே உணர்வுதான்: இறுகி, இறுகி, அப்புறம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. மானம் போகுமே என்று ராத்திரியோடு எம்-சீல் வைத்து அப்பினேன். ரெண்டு வாரம் தாங்கியது. அப்புறம் அவர் சூலூர் சந்தைக்குப் போன அன்று வழியில் மொத்த ஆயிலும் வேட்டியில். இன்றைக்கும் வீட்டம்மா என் மேல் கோபம் வந்தால் எடுக்கிற முதல் ஆயுதம் அந்த வேட்டிதான்.

ஆகவே முதல் வேலை, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். போல்ட் வழியில் கழன்று விழுந்தால் ஆயில் முழுக்கப் போய் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்; அந்த ஆயில் பின் டயரில் பட்டால் வண்டியே சறுக்கும்.

என்ன நடந்தது என்றால், போல்ட் எஃகு, அது உட்காரும் ஓடு அலுமினியம். ரெண்டும் மல்லுக்கு நின்றால் அலுமினியம்தான் தோற்கும். போல்ட்டைக் கழற்றி அதன் மரைக்கு நடுவே பாருங்கள். சுருள் கம்பி மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஓட்டின் மரை, முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. போல்ட் நன்றாகத்தான் இருக்கும். புது போல்ட் வாங்கிப் பயனில்லை.

டெஃப்ளான் டேப் இங்கே தப்பு மருந்து. தண்ணீர்க் குழாயில் மரைதான் ஒழுக்கை அடைக்கிறது. டேப் அதற்கு உதவுகிறது. டிரெயின் போல்ட்டில் ஒழுக்கை அடைப்பது தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். அது செம்பிலோ அலுமினியத்திலோ இருக்கும். நசுங்கி உட்கார்ந்து அடைக்கும். மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். பிடிக்க மரையே இல்லாத இடத்தில் டேப் என்ன செய்யும்? பிய்ந்து உள்ளே போய் ஆயில் வலையை அடைக்கும்.

சரி, வழி என்ன? ஓட்டின் துளைக்குள் பாருங்கள். சில வண்டிகளில் மரை போல்ட்டின் நீளத்தைத் தாண்டியும் உள்ளே ஓடும். அப்படி இருந்தால் அதே மரையில் சில மில்லிமீட்டர் நீளமான போல்ட் கெட்டுப்போகாத மரையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் காயில் போடுவதுதான் சரியான வைத்தியம். பழைய துளையைப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் (சுற்றுகிற டேப் இல்லை, மரை வெட்டும் கருவிக்கும் அதே பேர்) புது மரை வெட்டி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவார்கள். அதற்குள் உங்கள் பழைய போல்ட்டே உட்காரும். முன்பிருந்த வெறும் அலுமினிய மரையைவிட இது பலம். இதை வீட்டு டிரில்லை வைத்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும் வாஷர் ஒரு பக்கமாகத்தான் உட்காரும், ஆயுசுக்கும் ஒழுகும். இன்ஜின் வேலை பார்க்கும் லேத் பட்டறை எதற்காவது போங்கள். வெட்டும்போது டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பச் சொல்லுங்கள்; அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் கொஞ்சம் மலிவான ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வடித்துக் கழுவிவிட்டு, பிறகு நல்ல ஆயில்.

அடுத்த முறைக்கு: போல்ட்டை விரலால் மட்டும் கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வராமல் பாதியில் நின்றால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் தொட்ட பிறகுதான் ஸ்பேனர். அந்த ஸ்பேனரையும் வாலில் பிடிக்காமல் கழுத்தில் பிடியுங்கள். இந்த மாதிரி போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் ஒரு அளவு வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும். 25 என்று வைத்துக்கொண்டால், ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் எட்டு கிலோ பை தொங்குகிற பாரம்தான். காய்கறிப் பையைத் தூக்குகிற கை போதும். கிணற்று மண் வாரும் கை வேண்டாம்.

எங்கள் கிணறு 45 அடி. மேலே ஒரு எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக வருவது) வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் நன்றாக இறைக்கும். இப்போது தண்ணீர் 32 அடிக்கு இறங்கிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
*ஒரு விவசாயி, தாராபுரம் அருகே*

வேண்டாங்க. காசைப் பத்திரமாக வையுங்கள்.

நான் சர்வீஸில் இருந்த காலத்தில் சித்திரை, வைகாசி வந்தால் இந்தப் புகார்தான் வரிசையாக வரும். பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது இழுப்பதில்லை. தனக்குள் நிரம்பியிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரைக் குழாயில் ஏற்றிவிடுகிறது. அதற்கு ஒரு எல்லை உண்டு. 1643-இல் டோரிசெல்லி என்ற இத்தாலிக்காரர் பாதரசத்தை வைத்துக் காட்டியது இதைத்தான்: காற்றால் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத்தான் தாங்க முடியும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கினால் 10.3 மீட்டர் தண்ணீர், அதாவது 34 அடி. அதுவும் கடல் மட்டத்தில், பழுதே இல்லாத பம்புக்கு. ஊட்டி உயரத்தில் அதே கணக்கு 26 அடிக்குள் முடிந்துவிடும். குழாய் உரசல், பெண்டு, வால்வு எல்லாம் கழித்துப் பார்த்தால் நம் பக்கத்தில் 22, 23 அடிக்கு மேல் நம்பக் கூடாது. உங்களுடையது 32. இம்பெல்லரைத் தங்கத்தில் செய்து போட்டாலும் வராது.

அதே பம்ப் மேல்நோக்கித் தள்ளுவதில் கெட்டிக்காரன். அதனால்தான் கொங்கு நாட்டுப் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி மோட்டாரை அங்கே உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் கிணற்றிலும் அப்படி 15 அடி இறக்கினால் உறிஞ்சுவது 17 அடிதான். ஆனால் மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்து வையுங்கள். வருஷா வருஷம் ஐப்பசியில் முங்கிப்போன மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கி வருபவர்களை நான் நிறையப் பார்த்தவன். ஏற்றி இறக்க முடியாது என்றால் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு மாறிவிடுங்கள். அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். இந்தப் பேச்சே இல்லை.

இதே புகாரோடு, ஆனால் தண்ணீர் 20 அடிக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மோட்டாரைக் கழற்றும் முன் பிரைமிங் புனலில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். நிரம்பியபடியே நின்றால் ஃபுட்வால்வு (குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) நன்றாக இருக்கிறது. ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் புனல் காலியானால் ஃபுட்வால்வில் கல்லோ இலையோ சிக்கியிருக்கிறது, அல்லது வாஷர் போய்விட்டது. நிரம்பி நிற்கிறது, ஆனாலும் ஓடும்போது தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்து ஜாயிண்ட்டில் காற்று புகுகிறது. அங்கே தண்ணீர் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரை ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். எங்கே நுரை உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஹால் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் மூன்றில் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. வீட்டுக்காரர் புது ஃபேன் வாங்கலாம் என்கிறார். பதினொரு வயசு ஃபேன். மனசு வரவில்லை.
*வாசகி, கும்பகோணம்*

வரவே வேண்டாம் அம்மா, முதலில் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். ஃபேன் மெதுவானால் பத்தில் எட்டு தடவை அதுதான். ஃபேனுக்குள் ரெண்டு காயில்கள். ஒன்றுக்குப் போகும் கரண்ட்டைக் கொஞ்சம் முன்பின்னாக ஆக்கிக் காந்தப்புலத்தைச் சுழல வைப்பது இந்தச் சின்ன டப்பாதான். வருஷம் ஆக ஆக அதன் அளவு குறைந்துகொண்டே வரும். ஃபேன் சோர்ந்துகொண்டே வரும். சுத்தமாகப் போய்விட்டால் ஃபேன் முனகும், சுற்றாது. குச்சியால் தள்ளிவிட்டால் மெல்லச் சுற்றும்.

மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான எம்.சி.பி. ஸ்விட்சை அணையுங்கள், சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். ஃபேனுக்கு மேல் உள்ள கிண்ணத்தை இறக்கினால் டப்பா தெரியும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியால் அதன் ரெண்டு முனைகளையும் ஒருசேரத் தொடுங்கள். தங்கியிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். டப்பா மேல் 2.5 என்றோ 3.15 என்றோ மைக்ரோஃபாரட் போட்டிருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "நாலு போடுங்க, நல்லா வேகமா ஓடும்" என்பார். ஓடும், காயிலும் சேர்ந்து சூடாகும்.

மாற்றியும் வேகம் வரவில்லை, கையால் சுற்றினால் கரகர என்கிறது என்றால் பேரிங். பெரும்பாலும் 6201, 6202 என்று ரெண்டு இருக்கும். (இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு: 6204-இலிருந்து கடைசி ரெண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் மில்லிமீட்டர். 6204 என்றால் 20. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 பத்து, 01 பன்னிரண்டு, 02 பதினைந்து, 03 பதினேழு.)

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய ஃபேன் சுமார் 75 வாட் தின்னும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் போட்ட ஃபேன்கள் 28-இலிருந்து 35 வாட்டுக்குள். நாள் முழுக்க ஓடும் ஹால் என்றால் யோசிக்கலாம். கெப்பாசிட்டர் மாற்றிய பழைய ஃபேனைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரெண்டு பேரும் ஜெயித்த மாதிரி இருக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிசல் விட்டுவிட்டது. மூன்று விதமான பசை போட்டேன். ஒன்றும் பிடிக்கவில்லை.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி*

பிடிக்காது சார். நாற்காலிக்கு அடியில் தேடினால் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், பாலிப்ரொப்பிலீன். வாளி, குடம் என்றால் பெரும்பாலும் 2 அல்லது 5. இந்த ரெண்டுமே பசையை ஒட்டவிடாது. எண் இல்லாவிட்டால் ஒரு துணுக்கைச் சீவி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பசைக்கு வேலையில்லை. மூழ்கினால் எப்பாக்ஸி பிடிக்க வாய்ப்பு உண்டு. வாளி விளிம்பு என்றால் சால்டரிங் அயனால் அதே பிளாஸ்டிக் துண்டை உருக்கித் தைக்கலாம். உட்காருகிற நாற்காலியில் அந்த வேலை வேண்டாம். வெயிலில் கிடந்த நாற்காலி என்று நினைக்கிறேன். கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஒட்டுகிறதா? அப்படியானால் மற்ற மூன்று கால்களும் வரிசையில் நிற்கின்றன. பூந்தொட்டி வைக்கக் கொடுத்துவிடுங்கள்.

கிரைண்டரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் அடிப்பதில்லை. அப்படியே ஓட்டலாமா? வீட்டிலேயே சரிசெய்யும் வழி சொல்லுங்கள்.
*வாசகி, சேலம்*

சொல்ல மாட்டேன் அம்மணி. இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மாவு அரைக்கிற இடத்தில் கை ஈரம், தரை ஈரம். செருப்பை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா, அல்லது சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாராவது வெட்டிவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மோட்டார் இன்சுலேஷனையும் வீட்டு எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் அதே கையோடு போட்டுவிடுங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் அணைத்துவிடும்.

சுவரில் டிரில் போட்டு ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் பிளக் வைத்தால் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளக்கும் சுற்றுகிறது.
*வாடகை வீட்டுக்காரர், மதுரை*

பூச்சில்தான் நிற்கிறீர்கள், செங்கலுக்குப் போகவில்லை. பூச்சு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அதைத் தாண்டி இன்னும் ஒன்றரை அங்குலமாவது போக வேண்டும். பூச்சு வரை டிரில்லின் ஹாமர் ஸ்விட்சை அணைத்து, செங்கல் தட்டியதும் போடுங்கள், துளை அகலமாகாது. உள்ளே உள்ள தூளை ஊதி எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. இன்னொன்று: ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள். வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

ஒரு திருத்தம்

போன மாதம் சைக்கிள் பெடல் மாற்றுவது பற்றி எழுதும்போது, "ரெண்டு பெடலையும் இடப்பக்கம் திருப்பினால் கழலும்" என்று எழுதிவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு பள்ளி மாணவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்னபடி இடது பெடலை அரைமணி நேரம் திருப்பினேன். தாத்தாவும் சேர்ந்து திருப்பினார். இன்னும் இறுகிவிட்டது."

தப்பு முழுக்க என்னுடையது கண்ணு. வலது பெடல் சாதா மரை, இடது பெடல் இடமரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பல மேஜை விசிறிகளில் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியும் இடமரைதான். வலம் இடம் என்று குழம்பாமல் இப்படிச் செய்யுங்கள்: ஸ்பேனரைப் பெடல் அச்சில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் ஸ்பேனரைப் பின் சக்கரத்துப் பக்கம் தள்ளினால் கழலும். இப்போது நீங்களும் தாத்தாவும் சேர்ந்து இறுக்கிவைத்திருப்பதால் முதல் நாள் மரை வாயில் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் நீளமான ஸ்பேனரை மாட்டி, சைக்கிளைத் தாத்தா பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் தள்ளுங்கள். கழன்றதும் ஒரு தபால் அட்டை போடுங்கள். வராவிட்டால் நானே லேத்காரர் ஒருவரிடம் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.